முதலில் வசனம், பிறகு அலங்காரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் ஆராதனைகள் முடிந்த கையோடு, பல சபைகளின் பெண்கள் ஐக்கியங்கள் குளிர்காலத்தைக் கருப்பொருளாக வைத்து ஒரு கூடுகை நடத்துவதுண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் ஏற்பாட்டுக் குழு முதல் முறை கூடும்போதே பேச்சு வெள்ளைத் துணி, நீலத் தோரணம், பஞ்சு என்று போய்விடுகிறது. வசனத்தைக் கடைசி வாரத்தில்தான் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடும்படி கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

அவசரத்தில் தேடும்போது நம் வேதாகமத்தில் ஒரு இடறல் இருக்கிறது. பெரும்பாலோர் கையில் இருக்கும் பழைய திருப்புதலில் (தமிழ் மொழிபெயர்ப்பில்) ‘பனி’ என்று மட்டும் வரும் இடங்கள் பெரும்பாலும் இரவில் புல்லின்மேல் இறங்கும் பனித்துளியைத்தான் குறிக்கின்றன. சங்கீதம் 133-இல் எர்மோன் மலைமேல் இறங்கும் பனியும், ஓசியா 14:5-இல் வரும் பனியும் அப்படிப்பட்டவை. வானிலிருந்து வெண்மையாய்ப் பொழிவதை அந்தத் திருப்புதல் ‘உறைந்த மழை’ என்கிறது. இது தெரியாமல் ‘பனி’ என்ற சொல்லைத் தேடி வசனம் எடுத்தால், சுவரில் பனித்துகள்களும் செய்தியில் பனித்துளியுமாக இரண்டும் ஒட்டாது. குளிர்காலத்துக்கு அங்கே உள்ள சொல் ‘மாரிகாலம்’. வேதாகம நாட்டில் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான் என்பதால் சொல் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. குளிருக்குச் ‘சீதளம்’ என்ற சொல்லும் உண்டு. ஆதியாகமம் 8:22-இல் பார்க்கலாம்.

உறைந்த மழையின் வெண்மையைச் சொல்லும் ஏசாயா 1:18-ஐயும் சங்கீதம் 51:7-ஐயும்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டுமே பாவ மன்னிப்பைப் பற்றியவை. அதைப் பேசும் எண்ணம் இருந்தால் எடுக்கலாம். மேசை விரிப்பு வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். தொடக்க வாசிப்புக்குச் சங்கீதம் 147:16-18 சிறந்தது. உறைந்த மழையையும் கல்மழையையும் அனுப்புகிறவரே தம் வார்த்தையை அனுப்பி அவற்றை உருகப்பண்ணுகிறார் என்று அந்தப் பகுதி முடிகிறது. செய்திக்கு 2 தீமோத்தேயு 4:9-21 பகுதியைச் சிபாரிசு செய்வேன். சிறையிலிருக்கும் பவுல் துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார்; மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி தீமோத்தேயுவை வேண்டுகிறார். போர்த்திக்கொள்ள ஒரு துணி, பக்கத்தில் இருக்க ஒரு ஆள். கூடுகையின் மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டிலிருந்தே திட்டமிட்டுவிடலாம்.

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் வசனம், தேதி, செய்தி கொடுப்பவர் ஆகிய மூன்றை மட்டும் முடிவு செய்தால் போதும். மாலை நேரம் வேண்டாம். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். வயதானவர்கள் வராமல் போக முதல் காரணம் இருட்டில் திரும்பிப் போக வேண்டியிருப்பது. காலை 10.30 முதல் 12.30 வரை வைத்தால் பெரும்பாலோருக்கு வசதி. இந்த இரண்டு மணி நேரத்தில் செய்திக்கு 20 நிமிடம், மேசைவாரியாகப் பேச 25 நிமிடம், கைவேலைக்கு 35 நிமிடம் ஒதுக்குங்கள். மீதி 40 நிமிடத்தில் பாட்டும் ஜெபமும் பானமும் அடங்கிவிடும். செய்தி 40 நிமிடமாக நீண்டால் வெட்டுப்படுவது எப்போதும் பெண்கள் ஒருவரோடொருவர் பேசும் நேரம்தான். ஆகவே செய்தி கொடுப்பவரிடம் நேரத்தை முன்பே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவல்ல.

36 பேர் என்றால் ஆறு மேசை, மேசைக்கு ஆறு பேர். எட்டுப் பேர் ஆனால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். கடந்த ஆண்டில் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்கள் யார் யார் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். “கிறிஸ்துமஸ் எப்படிப் போனது?” என்ற சாதாரணக் கேள்வி அவர்களை நிலைகுலைத்துவிடக்கூடும். “இந்தக் குளிரில் யாரை நினைத்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டால் விரும்பியவர் பேசுவார், விரும்பாதவர் மௌனமாக இருப்பார். வரிசையாக ஒவ்வொருவரையும் சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.

கைவேலைக்குப் போர்வைத் துணியில் கழுத்துச் சால்வை செய்வது மிகப் பொருத்தம். ‘ஃபிளீஸ்’ எனப்படும் மென்துணியை வெட்டினால் நூல் பிரியாது, தையலே தேவையில்லை. 150 செ.மீ. அகலத் துணியில் 25 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் ஒரு சால்வை. 36 சால்வைக்கு 9 மீட்டர். வர முடியாதவர்களுக்கான நான்கையும் சேர்த்து 10 மீட்டர். வெட்டு கோணலாகும் என்பதால் 10.5 மீட்டராக வாங்குங்கள். இரு பக்கக் கரையையும் ஒரு செ.மீ. நீக்கிவிட்டு, ஓரங்களில் 10 செ.மீ. ஆழத்துக்கு, 2 செ.மீ. இடைவெளியில் வெட்டினால் குஞ்சம் வந்துவிடும். காகிதக் கத்தரிக்கோல் இந்தத் துணியை மெல்லுமே தவிர வெட்டாது. தையல் கத்தரிக்கோல் இருவருக்கு ஒன்று வேண்டும். துண்டுகளை முந்தின நாளே வெட்டி வைத்து, குஞ்சத்தை மட்டும் அன்று செய்ய வையுங்கள். சால்வைகளை எந்த ஆதரவு இல்லத்துக்குக் கொடுக்கப் போகிறீர்களோ, அங்கே முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தேவை காலுறையாக இருந்தால், சால்வையைக் குவித்துப் பயனில்லை.

அலங்காரத்துக்குக் காகிதப் பனித்துகள் போதும். இயற்கையில் பனிப்படிகம் ஆறு கோண அமைப்புடையது. 1611-இலேயே வானியலாளர் கெப்ளர் அது ஏன் ஆறு என்று ஆராய்ந்து எழுதினார். நாமோ தாளைப் பாதி பாதியாக மடித்து எட்டு முனை வரவழைக்கிறோம். சதுரத் தாளை மூலைவிட்டமாக ஒருமுறை மடித்து, நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து மூன்று சம பங்காக மடியுங்கள். அதை இன்னொரு முறை பாதியாக்கினால் 12 அடுக்கு வரும். மேலே துருத்தும் முனைகளைச் சீராக்கிவிட்டு, ஓரங்களில் வெட்டுங்கள். தடித்த தாள் 12 அடுக்கில் வெட்டுப்படாது, நகல் எடுக்கப் பயன்படும் மெல்லிய 70 ஜி.எஸ்.எம். தாள் சரியாக இருக்கும்.

பஞ்சை மெழுகுவர்த்திக்கு அருகில் வைக்கவே கூடாது. நொடியில் பற்றிக்கொள்ளும், பேட்டரி விளக்கு போதும். தரையில் செயற்கைப் பனியோ ஜிகினாத் தூளோ தூவினால் வழுக்கும். வெள்ளையும் நீலமும் மட்டும் நிறைந்த அறையில் வெண்குழல் விளக்கும் எரிந்தால் மருத்துவமனைபோல் ஆகிவிடும். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் விளக்குகளைப் போடுங்கள். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மின் சூடேற்றியை வைத்தாலும் ஒரு சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்; இல்லாவிட்டால் செய்தியின்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

சூடான பானம் ஆளுக்கு ஒன்றரைக் கோப்பை, கோப்பைக்கு 200 மில்லி என்றால் 36 பேருக்கு 11 லிட்டர். 1500 வாட் பாத்திரத்தில் அது கொதிக்கக் குறைந்தது 45 நிமிடம் ஆகும். அதே மின்இணைப்பில் சூடேற்றியையும் செருகினால் ஃபியூஸ் போய்விடும். வேறு சுவரிலுள்ள இணைப்பை முந்தின நாளே சோதித்துக்கொள்ளுங்கள். கொக்கோ கலக்குவதானால் தூளைச் சிறிது வெதுவெதுப்பான பாலில் குழைத்துவிட்டுப் பிறகு மொத்தப் பாலில் ஊற்றுங்கள்; நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும்.

பாட்டுகளை வழக்கத்தைவிட ஒரு படி தாழ்ந்த சுதியில் எடுங்கள். குளிரில் வறண்ட தொண்டை உச்சத்தை எட்டாது.

வர முடியாத பெண்களின் பெயர்களை அன்றே எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் போய்ப் பார்க்கப் போகும் இருவரின் பெயரையும் நாளையும் குறித்துவிடுங்கள். கூடுதலாக வெட்டிய நான்கு சால்வைகளும் அவர்களுக்கே. வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மாரிகாலம் முடியும்வரை யாரும் போகமாட்டார்கள்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கியக் கூடுகைகளை ஒழுங்கு செய்யும் ஒரு வாசகி