கொடியேற்றும் முன்

அன்புள்ள கயலுக்கு,

குடியிருப்போர் சங்கத்தில் ஆகஸ்ட் 15 கொடியேற்றும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. கொடி வாங்கும்போதே கவனமாக இரு கண்ணு.

கடையில் தொங்குகிற எல்லாம் அளவுப்படி இருக்காது. நீளம் மூன்று பங்கென்றால் உயரம் இரண்டு பங்கு. 1350 × 900 மி.மீ. கொடி வாங்கு. அதில் பட்டை ஒவ்வொன்றும் 300 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 280. ஆக, சக்கரத்துக்கு மேலும் கீழும் ஒரு செ.மீ. வெள்ளைதான் மிஞ்ச வேண்டும். மலிவுக் கொடிகளில் சக்கரம் சிறுத்துப்போய்க் கிடக்கும். ஆரங்களும் 24 இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். இருபுறச் சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

இரு பக்கமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதால்தான் ராட்டை போய்ச் சக்கரம் வந்தது. 1921-ல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) பிங்கலி வெங்கையா காந்தியிடம் காட்டிய கொடியில் சிவப்பும் பச்சையும்தான். வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. 1931-ல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று தீர்மானித்தபோதும் நடுவில் ராட்டையே இருந்தது. ராட்டையில் ஒருபக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு இந்தச் சிக்கலைச் சொன்னார். சாரநாத் அசோகத் தூணின் சக்கரம் அப்படித்தான் கொடியில் ஏறியது.

நிறத்துக்கு ஒரு மதம் என்று யாராவது பேசினால் பொறுமையாகத் திருத்து. அதே சபையில் ராதாகிருஷ்ணன் சொன்ன விளக்கம் வேறு: காவி துறவு, வெள்ளை உண்மையின் ஒளி, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு, சக்கரம் அறமும் இயக்கமும்.

இனி முடிச்சு. விழாவில் எல்லோரும் தவித்து நிற்பது இங்கேதான். காவிப் பக்கம் மேலே போகிறதா என்று முதல் நாளே ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடு. பூவிதழ் வைத்துச் சுருட்டுவதென்றால் ஒரு கைப்பிடி போதும். அதிகம் திணித்தால் பொதி விரியாது. கீழ்க்கயிற்றால் ஒரே சுற்று சுற்று. கயிற்றை மடித்து வளையமாக மட்டும் செருகு. நுனி முழுதும் உள்ளே போய்விட்டால் இழுக்க இழுக்க இறுகும். நனைந்த பருத்திக் கயிறு உப்பிக்கொண்டு அவிழ மறுக்கும். அதனால் இரவு மழை பெய்தால் கயிற்றை மாற்று.

ஏற்றுவது விறுவிறுவென்று, இறக்குவது நிதானமாக. ஓரம் கிழிந்த கொடியைக் கம்பத்தில் விட்டுவைக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடு.

அங்கே நல்ல கொடி கிடைக்காவிட்டால் இந்த வாரமே போன் பண்ணு. காதி கடையில் வாங்கி கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா