வானத்தில் கிடைத்தால் வேற்றுக்கிரகத்து ஆளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'விண்ணிலிருந்து வந்த பாக்டீரியா' என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ஒன்பதாவது படிக்கும் என் பேரன் அதைப் படித்துவிட்டு, "அப்போ ஏலியன் இருக்கிறது நிஜம்தானே தாத்தா?" என்கிறான். கட்டுரை மோசமில்லை, தலைப்புதான் வம்பு.

கட்டுரையில் வந்த ஆய்வு இதுதான்: மேலே காற்றில் நுண்ணுயிர் உண்டா என்று பார்க்க, 2005 ஏப்ரலில் ஹைதராபாத்திலிருந்து இஸ்ரோ ஒரு ராட்சத பலூனைப் பறக்கவிட்டது. 459 கிலோ கருவி, அதில் கிருமி நீக்கி வெற்றிடமாக்கிய 16 எஃகுக் குழாய்கள், அவற்றைக் குளிரவைக்க 38 கிலோ திரவ நியான்; மேலே போய்க் குழாயைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்தக் குளிரில் அப்படியே உறைந்துவிடும், உடனே மூடிவிட வேண்டியதுதான். 20 முதல் 41 கிலோமீட்டர் உயரம் வரை இப்படிப் பிடித்த காற்றைப் பாராசூட்டில் இறக்கி, ஹைதராபாத்திலும் புனேயிலும் இரண்டு ஆய்வகங்களில் தனித்தனியாகச் சோதித்தார்கள். 12 பாக்டீரியா, 6 பூஞ்சை கிடைத்தன. அவற்றில் 3 பாக்டீரியாக்கள் அதுவரை யாரும் பார்க்காதவை. ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், இன்னொன்றுக்கு ஃபிரெட் ஹாய்ல் பெயர். (கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவோடு சேர்ந்து, உயிர் விண்ணிலிருந்துதான் வந்தது என்று வாதாடிய ஆங்கிலேய வானியலாளர் ஹாய்ல். இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஜயந்த் நார்லிகருக்கு அவர்தான் குருநாதர். ஆசை எந்தப் பக்கம் என்று புரிகிறதல்லவா?)

ஆனால் ஆசை வேறு, முடிவு வேறு. இவை வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்று இந்த ஆய்வு உறுதியாக நிறுவவில்லை என்று 2009-இல் இஸ்ரோவே சொல்லிவிட்டது. அந்த ஒரு வரி உங்கள் கட்டுரையில் இல்லை.

புதிய இனம் என்றால் நமக்குப் புதிது, அவ்வளவுதான். காலடி மண்ணிலேயே பெயர் வைக்காத பாக்டீரியா எவ்வளவோ கிடக்கிறது. ஆரியபட்டர் பெயர்கொண்ட அதே இனத்தைப் பிற்பாடு சோயா செடியின் வேரடி மண்ணிலும் கண்டுபிடித்தார்கள், செடி வளர உதவுகிறதாம்! மூன்றும் தங்கள் நெருங்கிய சொந்தங்களைவிடப் புற ஊதாக் கதிரை நன்றாகத் தாங்கின, சரி, அதனால் மேலே பிழைத்துக் கிடந்தன என்று சொல்லலாம், மேலிருந்து வந்தன என்று எப்படிச் சொல்வது? இங்கிருந்து அவ்வளவு உயரம் போக வழியே இல்லையா என்றால், 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலைச் சாம்பல் சுமார் 35 கிலோமீட்டர் வரை போயிருக்கிறது. என்னைக் கேட்டால், நம்மூர் மண்ணில் இருக்கிற ஒரு ஜீவன் அந்தக் குளிரிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் ஏலியனைவிடப் பெரிய செய்தி.

அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள், பேரனிடம் காட்ட வேண்டும். நான் சொன்னால் அவன் நம்புவதில்லை.

தங்கள் வாசகர்,
கும்பகோணம்