எந்தப் பாகம், ஏன் பழுதானது? விமான விபத்து விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

யாழ்ப்பாணத்தின் பலாலியிலிருந்து கொழும்புக்கு வந்த சிறு விமானம் தரையிறங்கும்போது, சக்கரங்களைத் தாங்கும் சில்லுக்கால் மடிந்து ஓடுபாதையை விட்டு விலகியதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. உயிரிழப்பு இல்லை, தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று அன்று மாலையே அறிவித்தீர்கள். ஓராண்டு கடந்துவிட்டது. விசாரணை அறிக்கையை வெளியிடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

அந்த விமானத்தில் என் அம்மா இருந்தார். மகரகமையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர். நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்யக்கூடாது என்று வைத்தியர் சொன்னதால்தான் நகையை அடகு வைத்து விமான டிக்கெட் எடுத்தோம். இப்போது விமானத்தில் ஏற மறுக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு முழுவதும் பஸ்ஸில் வருகிறார். விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கும்போது செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் கால்கள் வீங்கியிருக்கும். என் தோளைப் பிடித்துச் சற்று நின்ற பிறகுதான் ஓட்டோவில் ஏறுவார். சிகிச்சை தொடங்கும் முன்பே களைத்துப்போகிறார். அந்தப் பழுது சரிசெய்யப்பட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வது?

2007 செப்டெம்பர் 9 அன்று டென்மார்க்கில் டாஷ் 8 ரக விமானமொன்றின் சில்லுக்கால் தரையிறங்கும்போது மடிந்தது. செப்டெம்பர் 12 அன்று லித்துவேனியாவில் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்துக்கும் அதே கதி. சில்லுக்காலை இயக்கும் தண்டின் மரை துருப்பிடித்து அரித்திருந்தது. 10,000 தடவைகளுக்கு மேல் தரையிறங்கிய அந்த ரக விமானங்கள் பரிசோதனைக்காக உடனே நிறுத்தப்பட்டன. என்ன உடைந்தது என்று வெளியே சொன்னதால்தான் அது நடந்தது.

சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தமான, இலங்கையும் ஏற்றுக்கொண்ட சிக்காகோ சமவாயத்தின் 13ஆம் பின்னிணைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல, இன்னொரு விபத்தைத் தடுப்பது. 12 மாதங்களுக்குள் இறுதி அறிக்கை வர வேண்டும்; இயலாவிட்டால் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் இடைக்கால அறிக்கையாவது வர வேண்டும். இரண்டும் வரவில்லை. இந்த நாட்டில் விசாரணைக் குழு அமைத்ததுமே கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அன்று அம்மா வந்த விமானத்தில், சில்லுக்கால் பூட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகு, தலை குனிந்து அமருமாறு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அறிவித்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் தலையைப் பிடித்து அழுத்தியிராவிட்டால் அம்மா நிமிர்ந்தே இருந்திருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட விமானத்தில், அந்த நேரத்தில், தமிழில் ஒரு வசனம் சொல்ல ஆளில்லை!

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். எந்தப் பாகம் பழுதானது, அதைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், அதே ரகத்தின் மற்ற விமானங்களைப் பார்த்தாயிற்றா என்பவற்றைச் சொல்லும் அறிக்கையைத் தமிழ் உட்பட மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். முழு அறிக்கை ஆயத்தமில்லை என்றால் இடைக்கால அறிக்கையையாவது தாருங்கள். அம்மாவுக்கு அடுத்த சிகிச்சை வரும் மாதம். அதற்கு முன் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பயணியின் மகள்
வெள்ளவத்தை, கொழும்பு 6