குவாய் பாலமும் விக்கிப்பீடியா கட்டுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ப் படங்களைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளில் படக்கதையும் நடந்த வரலாறும் கலந்துவிடுவது பெரிய தொல்லை. பலர் ஆளுக்கு ஒரு வரி சேர்க்கும்போது இது இன்னும் எளிதாக நடந்துவிடுகிறது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட சுமார் 415 கி.மீ. ரயில் பாதைதான் இதன் பின்னணி. மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் மரண ரயில்.

இந்தக் கட்டுரையைத் தொடுகிறவர்கள் எந்தப் பாலத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படத்துக்கு மூலமான, பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலில் பாலம் தப்பிவிடுகிறது. படத்தில் மரப்பாலம் ரயிலோடு சேர்ந்து தகர்கிறது. அது இலங்கையின் கித்துல்கலையில் களனி கங்கைமேல் படப்பிடிப்புக்காகக் கட்டியது. தாய்லாந்தின் காஞ்சனபுரி அருகே தாமர்க்கானில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் கட்டியவை இரண்டு: ஒன்று மரம், மற்றது எஃகு. 1945இல் குண்டுவீச்சில் சேதமான எஃகுப் பாலம் பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. "பாலம் தகர்க்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால், அடுத்து வருகிறவர் 1945ஆம் ஆண்டைக் கொண்டுபோய்க் கதைச்சுருக்கத்தில் செருகிவிடுவார். படத்தில் கைதிகளின் தலைமை அதிகாரியாக வரும் கர்னல் நிக்கல்சன் கற்பனைப் பாத்திரம். தாமர்க்கானில் கைதிகளின் தலைமை அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூசி. இருவரையும் ஒரே ஆளாக்குவது டூசிக்குச் செய்யும் அநியாயம். கதைச்சுருக்கத்தை நிகழ்காலத்தில் எழுதி, வரலாற்றைத் தனிப் பிரிவில் இறந்தகாலத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்த சிக்கல் திரைக்கதை ஆஸ்கர். படம் பெற்ற 7 விருதுகளில் இதுவும் ஒன்று. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் (கம்யூனிசத் தொடர்பு என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்கள்) இருந்ததால் விருது பூல் பெயருக்குப் போனது. 1984இல்தான் அகாடமி அதைச் சரிசெய்தது. பழைய பட்டியலைப் பார்த்து ஒருவர் பெயரை மாற்றுவார், இன்னொருவர் மீளமைப்பார் (பழையபடி ஆக்குவார்), மறுநாளும் அதே கதை. இரண்டாம் முறை மீளமைக்கும் முன்பே, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே இரு சான்றுகளையும் வைத்துப் பேசி, முடிவான பிறகு தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க விவரப் பெட்டி) பெயர்களுக்குப் பக்கத்திலேயே அடிக்குறிப்பு போட்டால் சண்டை ஓயும்.

யார் எந்தப் பிரிவை எழுதுவது என்பதையும் முன்கூட்டியே பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது. ஒரே பிரிவை இருவர் ஒரே நேரத்தில் திறந்து மாற்றினால், பின்னால் சேமிப்பவருக்குத் தொகுப்பு முரண் வரும், அதாவது இருவர் மாற்றங்களும் மோதிக்கொள்ளும். பிரிவு பிரிவாகத் தொகுத்து, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிச் சேமிக்க வேண்டும். நூல் என்றால் பக்க எண் கட்டாயம். இணையதளம் என்றால் பார்த்த தேதியும் காப்பகச் சுட்டியும் (சேமித்து வைத்த நகலின் இணைப்பு) வேண்டும், சுட்டிகள் செத்துப்போகும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திரைப்படத் தரவுத்தளங்கள் சான்றாகா. சுவரொட்டியைப் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான கட்டற்ற படக் கிடங்கு) ஏற்றினால் காப்புரிமை காரணமாக நீக்கிவிடக்கூடும்.

படத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு "தமிழர்களைக் காட்டவில்லை" என்று நாமே எழுதினால் அது சொந்த ஆய்வு, அதாவது வெளிச் சான்று இல்லாத நம் முடிவு; நிற்காது. வரலாற்றாய்வாளரோ விமர்சகரோ அச்சில் சொல்லியிருந்தால், அவர் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். இறந்தோர் எண்ணிக்கையும் அப்படித்தான். கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆசியத் தொழிலாளர் கணக்கோ நூலுக்கு நூல் மாறுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காமல், எந்த எண்ணை யார் சொன்னார் என்று இரண்டையும் தர வேண்டும்.

இங்கேதான் தங்கள் நாளிதழின் உதவி தேவை. தாத்தா சொன்னது, பாட்டி சொன்னது என்று குடும்பங்களில் இருக்கும் செய்திகளை விக்கிப்பீடியா நேரடியாக ஏற்காது. தாங்கள் விசாரித்து, தேதியோடும் செய்தியாளர் பெயரோடும் வெளியிட்டால், அவற்றை மரண ரயில் பற்றிய கட்டுரையில் சான்றாகக் காட்ட முடியும்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள் சிலர்