பூப்போல வைத்த ரேம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் காரணம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பரவிக் கிடந்தது. நான் ஒரு கொம்பியூட்டர் பூட்டிவிட்டேன், என் கையாலேயே! சிரிக்காதே. உன் சைக்கிள் செயினைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடத் தெரியாமல் முழித்தவன்தான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் இரண்டு சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் எடுத்தது ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், கொம்பியூட்டரின் மூளை. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனிக் கார்டுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. என் கணக்கு வேலைக்கும் மகனின் படிப்புக்கும் அது போதும். ஆனால் அந்த கிராபிக்ஸ், வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் ரேமில்தான் பங்கு கேட்கும்; இரண்டு துண்டு ரேம் சேர்ந்து ஓடினால் அதற்கு வேகம் கூடும். அதனால் 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினேன்.

ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள் மச்சான். ஒன்று வளைந்தாலும் வயிறு கலங்கும். அது உட்காரும் சொக்கெட்டின் லீவரைத் தூக்கி, மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைப் பொருத்தி வைத்தால் தானாக இறங்கி உட்காரும்; அமத்தவே கூடாது. அந்தப் பயம் கையிலேயே ஒட்டிக்கொண்டதில் ரேமையும் பூப்போல வைத்துவிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. இரவு பத்தரை மணி. வயரெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். "கடையிலேயே பூட்டித் தந்திருப்பார்களே" என்று மனைவி குசினியிலிருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டாள். டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற மகன்தான், "அப்பா, இந்தக் கொக்கி மூடவில்லை" என்றான். பார்த்தால் ரேமின் ஒரு முனை மயிரிழை உயரத்தில் நிற்கிறது. பெருவிரலால் அமத்தினேன். மதர்போர்டே வளைகிற மாதிரி இருந்தது, எனக்கு நெஞ்சு பதறியது. 'டக்' என்றது. அப்புறம் திரையில் எழுத்து வந்தது. அந்த நேரத்தில் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேன், பார்!

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாளை மறக்க முடியுமா? அதனால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கினேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே கறள் பிடிக்கிறது, ஆகவே பெட்டியை உள்ளறையில் வைத்திருக்கிறேன்.

சரி, உன் விஷயம். பழைய கொம்பியூட்டர் செத்துவிட்டது, படமெல்லாம் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். பெட்டி செத்தால் படமெல்லாம் இருக்கும் டிஸ்க்கும் செத்ததாக அர்த்தமில்லை. என்னுடையதில் இன்னும் இரண்டு டிஸ்க் மாட்ட இடம் இருக்கிறது. உன்னுடையதைக் கழற்றித் துணியில் நன்றாகச் சுற்றி, தெரிந்த ஆள் யாராவது கொழும்பு வந்தால் கொடுத்துவிடு. மாட்டிப் பார்க்கிறேன். உன் கல்யாணப் படம் எனக்கும் வேண்டும், அப்போது எனக்குத் தலைமயிர் இருந்தது.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? எழுது.

அன்புடன்,
உன் மச்சான்