திருடியவருக்கு மட்டும் எதற்கு அடைமொழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை ஒருவர் திருடிப் பிடிபட்டால் அவர் எந்தச் சமூகம், எங்கிருந்து வந்தவர் என்பது செய்தித் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அதையே வசதியான வீட்டுப் பிள்ளை செய்தால் வெறும் 'இளைஞர்', கூடவே மன அழுத்தம் அது இது என்று இரண்டு பத்தி அனுதாபம் வேறு.

2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த இரண்டு படங்கள் நினைவிருக்கலாம். இரண்டிலும் மார்பளவு வெள்ளத்தில் உணவுப்பொருளோடு வருகிறார்கள். கறுப்பின இளைஞர் கடையைக் 'கொள்ளையடித்தார்', வெள்ளையர் இருவர் 'கண்டெடுத்தார்கள்' என்று படக்குறிப்பு. எடுத்தது இரண்டு வெவ்வேறு செய்தி நிறுவனங்கள், ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள், சரி, இருக்கட்டும். ஆனால் விளக்கத்தை யார் படித்தார்கள்? படக்குறிப்பைத்தானே எல்லோரும் படித்தார்கள்.

மாற்ற முடியாதது ஒன்றுமில்லை. 2013-இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், ஆட்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று எழுதுவதையே நிறுத்தியது. செயலைச் சட்டவிரோதம் என்னலாம், மனிதரை அப்படிச் சொல்லக் கூடாது என்றார்கள்.

அடுத்த முறை தலைப்பு வைக்கும்போது, அந்த இடத்தில் உங்கள் சமூகத்தின் பெயரைப் போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அப்புறம் அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தினமும் படிக்கும் வாசகர்