எடுத்த இடத்தில் ஒரு சீட்டு

பெறுநர்: அமெரிக்க விமானப் படையின் வரலாற்றுப் பிரிவு அலுவலர்கள், ஆவணக் காப்பாளர்கள்.

பொருள்: இரண்டாம் உலகப் போரில் இராணுவ விமானங்களை ஓட்டிச் சென்று சேர்ப்பித்த பெண்களின் கோப்புகள் – தொடர்பாக.

பார்வை: தங்கள் படையின் போர்க்காலத் தளபதி ஹேப் ஆர்னால்டு 7.12.1944 அன்று டெக்சாஸ் மாநிலம் ஸ்வீட்வாட்டரில் ஆற்றிய உரை.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். பொருள், பார்வை என்று தொடங்காமல் எனக்குக் கடிதம் எழுத வராது. முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவள் நான். விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாழ்க்கையில் இரண்டே முறைதான் ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் மேலே கிளம்பும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆனால் கோப்புகளைப் பற்றித் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் உங்கள் படையின் புதிய வீரர்களுக்கான அடிப்படைப் பயிற்சியிலிருந்து சில வீடியோக்கள் எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. டஸ்கீகீ என்ற ஊரில் பயிற்சி பெற்ற போர்க்காலக் கறுப்பின விமானிகளைப் பற்றியவை, வாஸ்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெண் விமானிகளைப் பற்றியவை. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டீர்கள். வைத்தது நல்லது. எனக்கு உறுத்தியது வேறு. எங்கள் பதிவறையில் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தால், எடுத்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும்: கோப்பு எண், எடுத்தவர் பெயர், எதற்காக, எந்தத் தேதி. சீட்டில்லாமல் வெளியே போன கோப்பு திரும்பி வராது என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். அந்த வீடியோக்கள் இருந்த இடத்தில் நீங்கள் என்ன சீட்டு வைத்தீர்கள்?

அன்றிலிருந்து இந்தப் பெண்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். டென்டன் நகரில் உள்ள டெக்சாஸ் மகளிர் பல்கலைக்கழகம் அவர்களுடைய தாள்களையும் புகைப்படங்களையும் காத்துவருகிறது. இங்கே என் வீட்டுக் கணினியிலிருந்தே பலவற்றைப் பார்க்க முடிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துப் பதிவறைக்காரர்களுக்கு என் கும்பிடு.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் தரப்பிலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். 1942 செப்டம்பரில் நான்சி லவ் என்பவர், ஏற்கெனவே நன்றாக விமானம் ஓட்டத் தெரிந்த பெண்களைத் திரட்டி, டெலவேர் மாநிலம் வில்மிங்டன் தளத்தில் சிறிய அணி ஒன்றைத் தொடங்கினார். தொழிற்சாலையில் முடிந்த விமானத்தைப் பயிற்சித் தளத்துக்கோ கப்பல் துறைக்கோ ஓட்டிப் போய், கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது அவர்கள் வேலை. ஜாக்குலின் காக்ரன் என்பவர் புதிய பெண்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தை டெக்சாஸில் நடத்தினார். 1943 ஆகஸ்டில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு வாஸ்ப் பிறந்தது. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1,830 பேர் சேர்க்கப்பட்டு 1,074 பேர் தேறினார்கள். நான்சி லவ்வின் முதல் அணியில் 28 பேர். கலைக்கப்படும்வரை இவர்கள் 12,650 விமானங்களை ஒப்படைத்திருந்தார்கள். பறந்த தூரம் ஆறு கோடி மைல். இறந்தவர்கள் 38 பேர்.

இந்தக் கணக்கில் என் கண் நின்றது கடைசி எண்ணில். பணியில் இறந்தவருக்கு இராணுவம் ஈமச்செலவு தரவில்லை. பெட்டியின் மேல் போர்த்த அதிகாரபூர்வமாகக் கொடி இல்லை. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் தங்களுக்குள் காசு போட்டுக்கொண்டார்கள். காரணம் ஒரே ஒரு சொல். சீருடை அணிந்து, இராணுவத் தளத்தில் தங்கி, இராணுவ உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, இராணுவ விமானத்தை ஓட்டிய இந்தப் பெண்கள், ஆவணப்படி ‘சிவிலியன்’, அதாவது படையைச் சேராதவர்கள்.

இப்படி ஒரு சொல் என்ன செய்யும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்த அம்மாள் ஒருவர். பெயர் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம். அவருடைய பணிப்பதிவேட்டில் ‘தற்காலிகம்’ என்று எழுதியிருந்ததை அடிக்க யாருக்கும் நினைவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வூதியம் கேட்டு வந்தபோது அந்தச் சொல் அப்படியே பல்லை இளித்துக்கொண்டு நின்றது. “நான் தினமும்தானே வந்தேன்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் பதிவேட்டை மூடி வைத்தேன்.

உங்கள் பெண்களின் விஷயத்தில் அந்தச் சொல்லை மாற்றும் வாய்ப்பு 1944இலேயே வந்தது. அவர்களை இராணுவத்தில் சேர்க்கும் மசோதா அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்து, 188க்கு 169 என்று தோற்றது. சிவிலியன் பயிற்சிப் பள்ளிகள் மூடப்பட்டு வேலை இழந்த ஆண் பயிற்றுநர்கள், தங்களைக் காலாட்படைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எதிர்ப்பிரசாரம் செய்தார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. வேலை போன மனிதன் பக்கத்து நாற்காலியைத்தான் முதலில் பார்ப்பான். சபை அவர்கள் பேச்சைக் கேட்டது. 1944 டிசம்பர் 20 அன்று வாஸ்ப் கலைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளம் போதும், விமானங்களைத் தொடர்ந்து ஓட்டிக்கொடுக்கிறோம் என்று சில பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள். வேண்டாம் என்றது மேலிடம்.

கலைப்பதற்குச் சரியாகப் பதின்மூன்று நாட்களுக்கு முன், கடைசி அணியின் பட்டமளிப்பில் ஆர்னால்டு பேசினார். பெண்களும் ஆண்களுக்கு நிகராக விமானம் ஓட்ட முடியும் என்பது 1944இல் பதிவாகிவிட்டது என்றார். பார்வையில் அதைத்தான் குறிப்பிட்டிருக்கிறேன். பதிவாகிவிட்டது! என்னைப் போன்றவளுக்கு இதைவிட இனிமையான சொல் உண்டா? ஆனால் அந்தப் பதிவுகள் இரகசியம் என்று முத்திரையிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் பூட்டிக்கிடந்தன. போர் வரலாற்றை எழுத வந்தவர்கள் திறந்த அலமாரிகளில் இருந்ததை எடுத்து எழுதினார்கள். இவர்கள் இருந்த அலமாரிக்குச் சாவி இல்லை. 1976இல் உங்கள் படை பெண்களுக்கு விமானப் பயிற்சி தரப்போவதாக அறிவித்தபோது, அமெரிக்க இராணுவ விமானத்தைப் பெண்கள் ஓட்டப்போவது இதுவே முதல் முறை என்று செய்தி பரவியது. அப்போது ஐம்பது அறுபது வயதில் இருந்த அந்தப் பெண்கள் காலையில் செய்தித்தாளைப் பிரித்து இதைப் படித்திருப்பார்கள்.

எங்கள் அலுவலகங்களில் முடிந்த கோப்பின் மேல் ஒரு குறி போடுவோம். எல்.டிஸ். என்றால் ஓராண்டில் கிழித்துவிடலாம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், கரையான் அண்டாமல் காக்க வேண்டும். அந்த ஓர் எழுத்தை முடிவு செய்பவர் பல நேரம் சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தர்தான். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். எவற்றைக் கிழிக்கவிட்டேன் என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கிழிக்காமல் தப்பிய ஒரு தாள் என்ன செய்யும் என்பதற்கும் உங்களிடமே சாட்சி இருக்கிறது. 1977இல் இந்தப் பெண்கள் தங்கள் பணியை இராணுவப் பணியாக ஏற்கக் கோரி வாஷிங்டனில் போராடினார்கள். போர்க்காலத்தில் விமானங்களை ஓட்டிச் சேர்ப்பித்த செனட்டர் பாரி கோல்டுவாட்டர் துணை நின்றார். தளபதி ஆர்னால்டின் மகன் புரூஸ் ஆர்னால்டு அலைந்து திரிந்து ஆதரவு திரட்டினார். வாதம் இழுத்துக்கொண்டே போனபோது, வாஸ்ப் பெண் ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்த பணி விடுவிப்புச் சான்றிதழ் ஒன்று எடுத்து நீட்டப்பட்டது. அவர் அமெரிக்க இராணுவத்தில் நேர்மையாகப் பணியாற்றினார் என்று அதில் இருந்தது. படைவீரர்களுக்குத் தரும் சான்றிதழின் அதே வாசகம். அவசரத்தில் எந்த எழுத்தர் கையில் கிடைத்த படிவத்தை நிரப்பிக் கொடுத்தாரோ, அவர் இருந்த திசைக்கு ஒரு வணக்கம். அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார். சேவை முடிந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதோடு முடிந்ததா? 2010இல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் கொடுத்தீர்கள், மகிழ்ச்சி. ஐந்தே ஆண்டுகளில், 2015இல், படைவீரர்களை அடக்கம் செய்யும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இவர்களுடைய அஸ்திக்கு இடமில்லை என்று முடிவானது. அது தரைப்படை எடுத்த முடிவு, எங்களுடையது அன்று என்பீர்கள். ஒரு துறையின் பிழையை அடுத்த துறை கை காட்டுவது எங்கள் ஊரிலும் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரலில் இறந்த வாஸ்ப் விமானி எலைன் ஹார்மன், தன்னை அங்கேதான் வைக்க வேண்டும் என்று கைப்பட எழுதிவைத்திருந்தார். பேத்திகள் அஸ்தியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு போராடினார்கள். 2016 மே மாதம் சட்டம் மாறியது. செப்டம்பரில் அவர் ஆர்லிங்டனுக்குப் போனார்.

நான் படித்தவற்றில் சில தாள்கள் கண்ணை விட்டு அகலவில்லை. நான்சி லவ்வின் அணியில் இருந்த கார்னீலியா ஃபோர்ட் என்பவருடைய பறப்புக் குறிப்பேடு அவற்றில் ஒன்று. 1941 டிசம்பர் 7 காலை ஹவாயில் ஒரு மாணவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பானிய விமானங்கள் அவரைச் சுற்றிப் பாய்ந்தன. பத்திரமாக இறங்கியவர், பறப்பு தடைப்பட்டதற்குக் காரணம் பேர்ல் துறைமுகத் தாக்குதல் என்று குறிப்பேட்டில் எழுதினார். தன்னை எதிரி விமானம் ஒன்று சுட்டுக் குறி தவறியதையும் அதே நிதானத்தோடு சேர்த்தார். மழையால் பஸ் தாமதம் என்பதுபோல! குறிப்பு எழுதத் தெரிந்தவர். 1943 மார்ச் 21 அன்று டெக்சாஸ் வானில், கூடவே பறந்த விமானத்தோடு மோதி இறந்தார். போர்க்காலப் பணியில் இறந்த முதல் அமெரிக்கப் பெண் விமானி அவர்தான்.

இன்னொன்று ஒரு தந்தி. 1943 செப்டம்பரில் நான்சி லவ்வும் பெட்டி கில்லிஸும் பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்றை அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஸ்காட்லாந்துக்கு ஓட்டிச் செல்லக் கிளம்பி, இன்றைய கனடாவின் கிழக்கோரம் லாப்ரடாரில் உள்ள கூஸ் பே வரை போய்விட்டார்கள். அங்கே ஆர்னால்டின் உத்தரவு வந்தது: பெண்கள் கடல் தாண்டக் கூடாது. இறங்கிக்கொண்டார்கள், விமானத்தை ஆண்கள் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு, பதிவாகிவிட்டது என்று பேசியவரும் அதே ஆர்னால்டுதான். கோப்பில் இரண்டு தாளும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உருவிவிட்டால், அவர் வள்ளலாகவோ வில்லனாகவோ ஆகிவிடுவார்.

ஹேசல் யிங் லீயின் கோப்பும் கண்ணை விட்டு அகலவில்லை. சீன வம்சாவளிப் பெண். நயாகரா நீர்வீழ்ச்சிப் பகுதியில் உள்ள பெல் தொழிற்சாலையிலிருந்து பி-63 போர் விமானங்களை இவரும் தோழிகளும் மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவை அலாஸ்கா வழியாக சோவியத் நாட்டுக்குப் போகும். 1944 நவம்பர் 23 அன்று கிரேட் ஃபால்ஸில் தரையிறங்கும்போது இன்னொரு விமானம் மோதித் தீப்பற்றியது. இரண்டு நாளில் இறந்தார். சில நாட்களில், அவருடைய சகோதரர் பிரான்ஸில் போர்முனையில் உயிரிழந்த செய்தியும் வீட்டுக்கு வந்தது. போர்ட்லாந்தில் குடும்பம் தேர்ந்தெடுத்த கல்லறையில், அந்தப் பகுதியில் ஆசியர்களைப் புதைக்க விடமாட்டோம் என்றார்கள். குடும்பம் விடாமல் மல்லுக்கு நின்று, இருவரையும் அங்கேயே அடக்கம் செய்தது.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த 38 பேருடைய விபத்து அறிக்கைகளையும் பணிக் கோப்புகளையும் பெயர்வாரியாக ஒரே இடத்தில், யாரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கும்படி வையுங்கள். தட்டச்சுப் பிழை, அடித்தல் திருத்தல், ஓரக் குறிப்பு எதையும் துடைக்க வேண்டாம். அடுத்த முறை எந்த அரசு வந்து எதை எடுக்கச் சொன்னாலும், நீங்கள் ஊழியர்கள், எடுப்பீர்கள், நானும் எடுத்திருப்பேன். எடுத்த இடத்தில் சீட்டு வையுங்கள். யார் சொல்லி, யார் எடுத்தார், எந்தத் தேதி, எப்போது திரும்பும். அந்தச் சீட்டையும் நிரந்தரக் கோப்பில் சேருங்கள்.

கடைசியாக ஒரு நிலுவை. 1944 அக்டோபர் 26 அன்று, கல்யாணமாகி ஒரு மாதம் ஆன கெர்ட்ரூட் டாம்கின்ஸ் சில்வர், லாஸ் ஏஞ்சலிஸ் மைன்ஸ் ஃபீல்டிலிருந்து புத்தம் புதிய பி-51டி போர் விமானம் ஒன்றில் கிளம்பினார். விமானத்தைக் கிழக்குக் கரையில் நியூவார்க்கில் சேர்க்க வேண்டும். முதல் இரவுத் தங்கலான பாம் ஸ்பிரிங்ஸுக்கே போய்ச் சேரவில்லை. காகிதத்தில் நேர்ந்த பிழையால், அவர் வந்து சேரவில்லை என்பதே உடனே யாருக்கும் தெரியவில்லை. தேடல் தொடங்கச் சில நாட்கள் ஆகிவிட்டன. பிறகு, கிளம்பிய இடத்தை ஒட்டிய சான்டா மோனிகா விரிகுடாவில் முக்குளித்துத் தேடியும் விமானம் கிடைக்கவில்லை. வாஸ்ப் பெண்களில் இன்றுவரை காணாமலே இருப்பவர் அவர் ஒருவர்தான். அவருடைய கோப்பில் ‘முடிந்தது’ என்று யாராவது குறி போட்டிருந்தால், அதை அடித்துவிட்டு நிலுவைப் பட்டியலில் சேர்த்து, சேர்த்த தேதியை எனக்கு ஒரு வரியில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர் ஒருத்தி